திருப்பிக் கொடுத்த பெயர்

எங்கள் பக்கத்தில் இப்போது பிள்ளைகளுக்கு என்ன பெயர் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்டால் போதும். நான் பால்வாடி டீச்சர். வாசலில் அங்கன்வாடி என்றுதான் எழுதியிருக்கிறது, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற அம்மாக்கள் விடிவதற்கு முன்பே போய்விடுவார்கள். பிள்ளைகளை அப்பாவோ பெரிய அக்காவோ தலையைச் சீவி, மூக்கைத் துடைத்து என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வந்திருக்கிறதா என்று பார்த்து, எத்தனை முட்டை வேகவைக்க வேண்டும் என்று சமையல் அக்காவிடம் சொல்வது என் முதல் வேலை. பத்து வருடத்துக்கு மேலாக இந்தக் கரையின் பெயர்களெல்லாம் என் வாய் வழியாகத்தான் போயிருக்கின்றன.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ருசி. பெரிய முதலியார்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்கிற பெண்கள், அங்கே காதில் விழுந்ததை இங்கே வைத்துவிடுவார்கள். அனுமந்தையில் பிள்ளைக்குப் பெயர் வைத்த கையோடு படகிலும் அதையே எழுதுவார்கள். கரையோரம் நடந்து படகுகளைப் படித்தாலே அந்த வருடத்துப் பெயர்கள் தெரிந்துவிடும். உள்ளே தள்ளி, பயிர் வைக்கிற ஊர்களில், ஜோசியர் எழுத்துக் கொடுக்காமல் எதுவும் நடக்காது. கிறிஸ்தவர் வீடுகளில் கோயிலுக்கு ஒன்று, கூப்பிட ஒன்று. ஆனால் எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஷ இருக்க வேண்டும், ஸ்ரீ இருக்க வேண்டும், டவுனில் வைத்த பெயர் மாதிரி இருக்க வேண்டும். கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்கு மொட்டை போடுகிறார்கள், காது குத்துகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். அவர் பெயர் மட்டும் பிள்ளைக்கு வேண்டாமாம். சாமிக்கே அந்தக் கதி.

ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் தெருவுக்கே போடுகிற மாதிரிதான் பெயரும். ஒரு வீட்டில் புதிதாக ஒன்று வைத்தால் அடுத்த மழைக்குள் நாலு வீட்டில் இருக்கும். அப்படி ஒரு பெயரை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவள் நான்.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். இனி வாயால் சொல்வதில்லை, யாருக்கும் தருவதில்லை என்று வெற்றிலைத் தட்டின்மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். அது ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். என் மகள் பெயரை எழுத முடியாத இடத்தில் மற்றவர்கள் பெயர் மட்டும் எதற்கு? அதனால் இதில் யார் பெயரும் இல்லை.

நான் மாசமாக இருந்தபோது ஒருநாள் பாண்டியில் செக்கப் முடித்துவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு அம்மா தன் பெண்ணை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்திருந்த அந்தப் பெண் திரும்பிச் சிரித்தது. எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. எங்கள் பக்கம் அப்போது ஒருத்தருக்குக்கூட அந்தப் பெயர் கிடையாது, எனக்குத்தான் தெரியுமே. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உப்பளத்தில் பாத்தி வேலை செய்கிறவர்.

"வாயில நுழையுமா அது?" என்றார்.

"நுழைற வரைக்கும் சொல்லிப் பாருங்க," என்றேன்.

சொல்லிப் பார்த்தார். கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அன்று மாலை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பிறந்து தீட்டுக் கழித்த அன்று அவருடைய அக்கா தொட்டிலில் குனிந்து, எங்கள் வழக்கப்படி அதைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னார்.

பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை, புருஷன் உப்பு லாரி ஓட்டுகிறவன். அக்கா அக்கா என்று என்னையே சுற்றிக்கொண்டிருந்தவள், வாய்க்கு ருசியாக எது செய்தாலும் முதல் கிண்ணம் எனக்குத்தான். என் பெண்ணுக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது அவளுக்கும் பெண் பிறந்தது. ஸ்பீக்கர் கட்டி, பிரியாணி போட்டு, தெருவையே கூப்பிட்டுப் பெயர் வைத்தாள். என் பெண்ணின் பெயர்.

நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் குழாயடியில் கேட்டேன், "ஏண்டி, ஊர்ல வேற பேரே கிடைக்கலையா உனக்கு?"

"பேரு இன்னாக்கா, உங்க ஊட்டுப் பட்டாவா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது. அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு இடுப்பளவுச் சுவர், நான்கு வருடம் பேசவில்லை. பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையெல்லாம் கிடையாது. இரண்டும் சுவர் ஏறிக் குதிக்கும், ஒரே தட்டில் சோறு தின்னும், ஒன்று அடித்தால் இன்னொன்று அழும். இரண்டும் பால்வாடிக்கு வந்தபோது அந்தப் பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். என்னுடையது டீச்சர் வீட்டுது, அவளுடையது லாரிக்காரர் வீட்டுது, அனுமந்தையிலிருந்து வந்த மீன்காரர் வீட்டுது ஒன்று, நிலம் வைத்திருக்கிறவர் வீட்டுது ஒன்று. நான் கூப்பிட்டால் நான்கும் ஒன்றாக எழுந்து நிற்கும். வெளியே எரிச்சல்பட்டுக்கொண்டே இருந்தேனே தவிர, உள்ளுக்குள் ஒரு பெருமை. நான் கொண்டுவந்ததுதானே.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சல். என் பெண்ணுக்கும் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயமும் மாத்திரையும் கொடுத்தோம், இறங்கவில்லை, பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோரும் நன்றாகத்தான் பார்த்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை, சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். போகும்போது என் தோளில் படுத்து, எப்போ வீட்டுக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டே வந்தவள். திரும்பும்போது துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மூன்றரை வயது. ஈ.சி.ஆர். முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

நான் மறுபடி வேலைக்குப் போனபோது தை பிறந்துவிட்டது. முதல் நாள் பெயர் கூப்பிட உட்கார்ந்தேன். சமையல் அக்கா பக்கத்தில் வந்து குனிந்து, "டீச்சர், ரெண்டு புள்ளைங்களுக்கு பேரு மாத்திட்டாங்க. புதுப் பேரு சொல்லிட்டுப் போயிருக்காங்க," என்றார்.

"எதுக்கு?"

அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நிலக்காரர் வீட்டில் ஜோசியரிடம் போய் வேறு எழுத்து வாங்கி வந்திருந்தார்கள். அனுமந்தையில் படகிலிருந்த பெயரைச் சுரண்டிவிட்டு மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். செத்த பிள்ளையின் பெயர் பிள்ளைக்கு ஆகாதாம். ஒரு பெயரில் ஒன்று போனால் மற்றதையும் துணைக்குக் கூப்பிடுமாம். பேரைப் பார்த்து வருகிற கொசு எந்த ஊரில் இருக்கிறது என்று சமையல் அக்காவிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார் பாவம், முட்டை உரிக்கப் போய்விட்டார். ஆசையாக வந்து ஒட்டிக்கொண்டவர்கள், தொட்டது சுட்டதுபோல உதறிவிட்டுப் போனார்கள். என் பெண் எதுவும் செய்யவில்லை. அவள் செத்துப்போனாள், அவ்வளவுதான்.

அப்புறம் மிச்சம் இருந்தது லாரிக்காரர் வீட்டுது மட்டும். அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவள் முறை வரும்போது முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

ஆனால் சாயங்காலம் ஒன்று நடக்கும். உப்பளத்திலிருந்து வந்து குளித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பெண்ணைக் கூப்பிடுவாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த குழம்புச் சட்டியைப் போட்டுவிட்டேன். வெந்த புண்ணில் வேல் என்பார்களே, அது. காதைப் பொத்திக்கொண்டு உள்ளறையில் போய் உட்காருவேன். அப்படியே கொஞ்சநாள் போனது. பிறகு பொத்துவதை விட்டுவிட்டேன். பிறகு, சொல்வதற்கு என்ன, அந்த நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். உலை வைத்துவிட்டு அடுப்பைச் சின்னதாக்கிக்கொண்டு கேட்பேன். என் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் 'அவ' என்று ஆரம்பிப்பார், அப்படியே எழுந்து வெளியே போய்விடுவார். நாள் முழுக்க அந்தப் பெயர் உலகத்தில் இருப்பது அந்த ஒரு கூப்பாட்டில்தான். இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் பெண் வரும். முதல் கூப்பாட்டிலேயே வந்துவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த ஐப்பசி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல். பால்வாடிக்கு வரவில்லை, தெருவிலும் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீடு, போய்க் கேட்க முடியாது. சமையல் அக்காவை அனுப்பி அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பாப்பா" என்றாள். சில நாள் "ஏய்" என்றாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள வரட்டாக்கா?"

"வா. வந்துட்ட, அப்புறம் இன்னா."

உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. தட்டைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"திண்டிவனம் பக்கம் ஒரு அம்மா குறி சொல்றாங்கன்னு போனோம்க்கா. பேரு யாருதோ அவங்க கையிலயே திருப்பிக் குடுத்துட்டு வா, சும்மா மாத்தினா போவாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் எடுத்துக்கணும். எடுத்துக்கினு, புதுசா ஒரு பேரையும் நீங்களே அது காதுல சொல்லணுமாம்."

"காய்ச்சல் பேரைக் கேட்டுக்கினாடி வருது? நீயும் இப்படிப் பேசுறியே."

"தெரியலக்கா. எனக்கு இன்னா தெரியும். அது காய்ச்சல்ல கெடந்தப்போ பேரு சொல்லிக் கூப்பிடவே பயமா இருந்துச்சி. கூப்பிட்டா யாரோ கூடவே திரும்பிப் பாக்குற மாதிரி இருக்குது."

"யாரோ இல்லடி. எம் பொண்ணு." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "எம் பொண்ணு உம் பொண்ணை இன்னா பண்ணிடுவா? ரெண்டும் ஒரே தட்டுல சோறு தின்னுச்சிங்க. பொரி உருண்டையில பாதி கடிச்சி அதுக்குத்தான் குடுப்பா. அவளாடி உம் பொண்ணைக் கூட்டிக்கினு போவா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் வெற்றிலையில் விழுந்தது. துடைக்கவில்லை. "எனக்கு ஒண்ணுதான்க்கா இருக்குது," என்றாள்.

எனக்கும் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத் தெரியாததா? யோசித்துச் சொல்கிறேன் போ என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றியவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "குடுத்தா வாங்கிக்கோ," என்றார்.

"வாங்கிட்டா அப்புறம் யாருக்கும் அந்தப் பேரு இல்ல."

"அவளே இல்ல. பேரை வச்சிக்கினு இன்னா பண்ணப் போறோம்?"

அந்த நிமிஷம் அந்த மனுஷனைப் பிடிக்கவில்லை. அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா? கெணத்துல விழுந்தாலும் ஒண்ணுதான், பஸ்ஸுல அடிபட்டாலும் ஒண்ணுதான். டீச்சரம்மா பேரைத் திருப்பி வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க, அதான்னுவாங்க. தாங்குவியா நீ?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, தெரியும். ஊர் சொல்வதைக்கூடத் தாங்கிவிடலாம். அப்படி ஒன்று நடந்தால் நானே அதை நம்பிவிடுவேனோ என்றுதான் பயந்தேன். சாயங்காலம் அடுப்பைச் சின்னதாக்கிக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. "பாப்பா" என்றாள்.

மறுநாள் காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, வெள்ளிக்கிழமை வா என்று சொன்னேன்.

வந்தார்கள். பெண்ணுக்குப் புதுப் பாவாடை, தலையில் கனகாம்பரம். லாரிக்காரன் வாசலிலேயே நின்றுகொண்டான். அவள் தட்டை என் முன்னால் நீட்டினாள். குறிக்காரி சொல்லிக்கொடுத்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். தட்டின் விளிம்பையே விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்தான், "சொல்லுடி, நேரமாவுது," என்றேன்.

"உங்க பேரு உங்களுக்கு," என்றாள். "எம் புள்ள எனக்கு."

"எடுத்துக்கிட்டேன்," என்றேன். தட்டை வாங்கிக் கீழே வைத்து, அதன்மேல் கை வைத்தேன். இனி நான் அதைச் சொல்வதில்லை, யாருக்கும் தருவதில்லை. தட்டு சும்மா ஒரு எவர்சில்வர் தட்டு. பிறந்தபோது தொட்டில் நிறையக் கொடுத்ததை வெற்றிலையோடு திருப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பெண்ணை மடியில் உட்காரவைத்து, புதுப் பெயரைக் காதில் சொன்னேன். அதுவும் ஷ வைத்த பெயர்தான். இந்த வருடம் உள்பக்கத்து ஊர்களில் அதுதான் நிறைய ஓடுகிறது. இரண்டாவது முறை சொல்லும்போது தோளை உயர்த்திக்கொண்டு, "கூசுது டீச்சர்," என்று சிரித்தது. மூன்றாவது முறையும் சொன்னேன். அவர்கள் போன பிறகு ரவிக்கைத் துணியை என்ன செய்வது என்று தெரியவில்லை. பீரோவில் வைத்தேன்.

திங்கட்கிழமை பால்வாடியில் பெயர் கூப்பிட்டேன். அவள் முறை வந்தது. புதுப் பெயரைச் சொன்னேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னேன். திரும்பவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளை, "டீச்சர், அது அவ பேரு இல்ல," என்றது. மற்றவையெல்லாம் என்னைப் பார்த்தன. மூன்றாவது முறையும் சொன்னேன். கட்டைமேல் கட்டை ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போது கூப்பிட்டேன். வாய் தவறி இல்லை, தெரிந்துதான். ஒரு வருடத்துக்கு மேல் என் வாயில் வராத பெயர், தண்ணீர் மாதிரி வந்தது.

சட்டென்று திரும்பினாள். "இன்னா டீச்சர்?" என்றாள்.

எவ்வளவு நன்றாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டேன், ஒரு பிள்ளை திரும்பி, இன்னா என்று கேட்டது. இன்னொரு தடவை கூப்பிட நாக்கு எழுந்துவிட்டது. அவள் எழுந்து என்னிடம் வந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வெயிலில் அவள் முகம் சிவந்து தெரிந்தது. கையை நீட்டி அவள் நெற்றியில் வைத்தேன், கழுத்தில் வைத்தேன். சூடு இல்லை. மறுபடி புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். பேரைப் பார்த்து வருகிற கொசு எங்கே இருக்கிறது என்று கத்தியவள் நான்.

முட்டை எத்தனை என்று சமையல் அக்கா கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். பெண்ணைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினேன்.

"உன் பேரு இன்னா?"

பழையதைச் சொன்னாள்.

"இல்ல. வெள்ளிக்கிழமை டீச்சர் காதுல சொன்னேன் இல்ல, அதான் உன் பேரு. சொல்லு."

சொன்னாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். வாயில் நுழைகிற வரைக்கும் சொல்லவைத்தேன்.

"இனிமே யாராவது பழைய பேரு சொல்லிக் கூப்பிட்டா நீ திரும்பக்கூடாது. புரியுதா?"

"டீச்சர் கூப்பிட்டாலுமா?"

"டீச்சர் கூப்பிட்டாலும்."

சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு, கட்டை அடுக்கப் போனாள்.